அறுவைக்கு முன் அறிய வேண்டுவன
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் நாடகமும் விளங்குவதே மரபு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மருத்துவமனையின் அறுவைப் பிரிவைப் பற்றியது. மங்கல நாளில் கத்தியையும் கட்டையும் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தலைநகரில் வாழும் நம் குடும்பங்களுள் பித்தப்பைக் கல்லோ, குடலிறக்கமோ, கண்புரையோ, கருப்பைக் கட்டியோ, முழங்கால் தேய்வோ காரணமாக ஆப்பரேஷன் என்ற சொல்லைக் கேளாத குடும்பம் அரிது. அச்சொல்லைக் கேட்டவுடன் நாம் செய்வன யாவை? கைராசியுள்ள மருத்துவர் யார் என்று விசாரிக்கிறோம். பணத்துக்கு வழி தேடுகிறோம். ஊரிலிருந்து துணைக்கு ஆள் வரவழைக்கிறோம். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்று நேர்ந்துகொள்கிறோம். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால் படுக்கையில் கிடக்கப் போகிறவருக்கு, அவர் உடலில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவர் அறிந்த மொழியில் எடுத்துச் சொன்னவர் யார்? இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என்று வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் ஆகியவையே அந்நான்கு. நோயாளியையும் மருத்துவத்தின் ஒரு கூறாக, அதுவும் முதற்கூறாக அவர் எண்ணியது நினைந்து போற்றத்தக்கது. நாமோ நோயாளியை மருத்துவமனை வாசலில் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய மூன்றைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம்.

மருத்துவர் எல்லாம் அறிந்தவர், அவரிடம் கேள்வி கேட்பது மரியாதையாகுமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. மருத்துவரிடம் நம்பிக்கை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த நம்பிக்கைக்கு உரிய வரலாறும் அறுவை மருத்துவத்துக்கு உண்டு. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈத்தர் ஆவியைக் கொடுத்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்த, வலியறியா அறுவையை மருத்துவர் பலர் கண்முன்னே கண்டனர். 1867-இல் ஜோசப் லிஸ்டர், கிருமிகளைத் தடுத்தால் புண் சீழ் கொள்ளாது என்பதை எழுதி வெளியிட்டார். வலியும் சீழும் அடங்கிய பின்னரே, நம் பாட்டனார் ரண சிகிச்சை என்று அஞ்சிய கலை, உயிர் காக்கும் நம்பகமான துறையாயிற்று. ஆனால் அறிந்து கொள்ளும் நம்பிக்கை வேறு. அறியாமல் அடங்கிப் போவது வேறு. முன்னதே நோயாளிக்கும் மருத்துவருக்கும் நன்மை தருவது.

முதலில், அறுவைப் பிரிவில் யார் யார் உள்ளனர் என்பதை அறிதல் வேண்டும். பொது அறுவையில் எம்.எஸ். பட்டம் பெற்றவர் பொது அறுவை மருத்துவர். அதன் பின்னும் பயின்று எம்.சிஎச். பட்டம் பெற்றோர் மூளை, நெஞ்சு, சிறுநீரகம், குழந்தைகள், புற்றுநோய் என ஒவ்வொரு துறையில் சிறப்புத் தேர்ச்சியுடையோர். எல்லாவற்றுக்கும் சிறப்பு மருத்துவரையே நாட வேண்டுவதில்லை. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் பொது அறுவை மருத்துவர் தகுதி வாய்ந்தவரே. 1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் அறுவைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் புறநோயாளிகளைப் பார்க்கும் கிழமைகளும் அறுவை செய்யும் கிழமைகளும் தனித்தனியே உண்டு. எந்த யூனிட், எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளாதவர், தவறான நாளில் வந்து வரிசையில் நின்று திரும்புவர். அரசு ஊழியர் குடும்பங்களுக்கு 1954-இல் தில்லியில் தொடங்கிய மத்திய அரசுச் சுகாதாரத் திட்டம் உண்டு. அதன் வழிச் செல்வோர் பரிந்துரைச் சீட்டையும் அனுமதி விதிகளையும் முன்னரே தெளிந்துகொள்வது நலம்.

இன்னொருவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் மயக்க மருந்து மருத்துவர். அறுவை மருத்துவருக்கு உதவியாள் என்று பலர் அவரை எண்ணுகின்றனர். உண்மையில் அவரும் அத்துறையில் தனிப் பட்டம் பெற்ற சிறப்பு மருத்துவரே. அறுவை நடக்கும் நேரம் முழுதும் நோயாளியின் மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கண்ணிமைபோல் காப்பவர் அவரே. அறுவைக்கு முன் அவர் செய்யும் முன்சோதனையின்போது ஒன்றையும் மறைத்தல் ஆகாது.

இனி, நம்மைப் போல் ஊர்விட்டு வந்து வாழ்வோர்க்கே உரிய இடரைப் பார்ப்போம். அது மொழி.

வலியைச் சொல்வதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, சுருக்கு, பிசைதல் என்று நம் பாட்டிமார் ஒவ்வொன்றையும் பிரித்து உணர்ந்து சொல்வர். அறுவை மருத்துவருக்கு இவை வெறும் சொற்களல்ல, நோயை இனங்காணும் வழிகாட்டிகள். குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பின்னர் அடிவயிற்றின் வலப்புறத்துக்கு நகரும். பித்தப்பைக் கல்லின் வலி மேல் வயிற்றில் எழுந்து வலத்தோள் வரை பரவக்கூடும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வருவதும் உண்டு. சிறுநீர்க் குழாய்க் கல் விலாப்புறத்திலிருந்து அடிவயிற்றை நோக்கி இழுக்கும். எங்கே தொடங்கியது, எங்கே சென்றது, விட்டு விட்டு வருகிறதா, ஓயாமல் நிற்கிறதா என்ற விவரங்களைக் கொண்டே அனுபவமுள்ள மருத்துவர் பாதி முடிவுக்கு வருவார். ஆனால் தாயார் பத்து வாக்கியம் சொல்ல, உடன் சென்ற மகன் அவ்வளவையும் "பேட் மே தர்த் ஹை" என்று மூன்று நான்கு சொற்களில் முடித்து விடுகிறான். குத்தலும் குடைச்சலும் ஒன்றாகிவிடுகின்றன. தாய் தந்த செய்தியில் பெரும்பகுதி மருத்துவரைச் சேர்வதில்லை.

இதனினும் ஆபத்தானவை சில சொற்கள். மயக்கம் என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் தலைசுற்றலை. அதற்கு இந்தியில் சக்கர் என்று வழங்குவர். பேரன் அதனைப் பேஹோஷ் என்று பெயர்த்தால், நினைவிழந்து விழுந்தார் என்றே மருத்துவர் கொள்வார். அதற்கேற்ற சோதனைகள் தொடங்கிவிடும். மற்றொரு சொல்லை எண்ணிப் பாருங்கள். இந்தியில் கல் என்றால் நேற்று அல்லது நாளை. நமக்கோ கல் என்றால் கல்தான். பித்தப்பையில் கல்லோடு படுத்திருக்கும் மூதாட்டியிடம் செவிலியர் வந்து, கல் ஆப்பரேஷன், கல் காலையில் ஒன்றும் உண்ணக் கூடாது என்று இந்தியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம் கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மூதாட்டி தலையசைப்பார். மறுநாள் விடியலில் வழக்கம்போல் காப்பி கேட்பார். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இப்பிழை, மயக்க மருந்து கொடுக்கும் வேளையில் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

காரணத்தைச் சொல்கிறோம். மயக்கத்தில் ஆழ்ந்தவருக்கு இருமலும் விழுங்கலும் செயலற்றுவிடும். வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுள் புகலாம். ஆதலால் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், கொழுப்பு மிகுந்த உணவை 8 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொது நெறி. தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பு வரை பருகலாம் என்பதும் அந்நெறியே. ஆயினும் நோயாளிக்கு நோயாளி வேறுபாடு உண்டு. மருத்துவர் குறித்த நேரமே முடிவானது. நம் வீடுகளில் ஒரு வாய் காப்பி உணவுக் கணக்கில் சேர்வதில்லை. மருத்துவமனைக் கணக்கில் பால் கலந்த காப்பி நீராகாது, அது உணவே. கள்ளத்தனமாகக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, குடித்துவிட்டேன் என்று சொல்லி அறுவையைச் சில மணி நேரம் தள்ளிப்போடச் செய்வது மேல்.

உண்பதைப் போலவே மருந்தையும் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றுள் எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். தாமாக நிறுத்துவதும் தாமாகத் தொடர்வதும் தீங்கு. ஊரிலிருந்து வந்த லேகியமும் சூரணமும் மருந்தல்ல என்று எண்ணி மறைக்க வேண்டாம். பென்சிலின் போன்ற மருந்து முன்பு ஒவ்வாமல் போயிருந்தால் அதனை முதலில் சொல்ல வேண்டும். புகைப்போர் அறுவைக்கு 4 வாரங்களுக்கு முன்பே புகையை விட்டால் பின்விளைவுகள் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துரைத்தது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். திருமாங்கல்யத்தையும் மெட்டியையும் கழற்றச் சொல்லும்போது கண்கலங்காத பெண்மணி இலர். அறுவையின்போது இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்க மின்கருவி பயன்படுவதால், உடலில் உள்ள உலோகம் தீக்காயம் ஏற்படுத்தலாம் என்ற அச்சம் உண்டு. விரல் வீங்கினால் மோதிரமும் இறுக்கும். கடைசி நொடியில் தியேட்டர் வாசலில் கழற்றி அழுவதைவிட, முதல் நாளே கேட்டறிந்து, வீட்டுப் பெரியவர் கையால் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டால் மனமும் அமைதியுறும். நகப்பூச்சையும் நீக்கிவிட வேண்டும். நகத்தின் வழியே ஒளி செலுத்தி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு அது தடையாகலாம். விரலில் மருதாணி இருந்தால் அதனையும் சொல்லிவிடுவது நலம்.

அடுத்து, கையொப்பத்தைப் பற்றிப் பேசுவோம். சம்மதப் படிவம் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்பதே நாம் கேட்கும் ஒரே கேள்வி. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது. நோயறியும் பரிசோதனைக்காக ஒரு பெண்மணி மயக்கத்தில் இருந்தார். அந்நிலையில், வெளியே இருந்த அவர் தாயாரிடம் சம்மதம் பெற்று, அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வயது வந்து, அறிவுத் தெளிவுடைய ஒருவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் சம்மதமாகாது என்றும் நீதிமன்றம் தெளிவாக உரைத்தது. நோயாளிக்குச் சொல்ல வேண்டியன இவை என்றும் வகுத்தது: சிகிச்சையின் இயல்பு, அதன் நோக்கமும் நன்மையும், அதன் விளைவு, மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரும் தீங்கு.

இவற்றைப் பித்தப்பைக் கல்லுக்குப் பொருத்திக் காண்போம். கங்கைச் சமவெளியில் இந்நோய் தென்னாட்டைவிட மிகுதி. ஆதலின் உதாரணம் நமக்கு அண்மையதே. என்ன செய்வர்? பித்தப்பையை அகற்றுவர். கல்லை மட்டும் எடுத்தால் ஆகாதா? ஆகாது, மீண்டும் கல் உண்டாகும். அகற்றினால் செரிமானம் நின்றுவிடுமா? இல்லை; பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதனைச் சேமிக்கும் பை மட்டுமே. எப்படிச் செய்வர்? 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூயே தொடங்கிய வழி, 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா கையில் இந்தியாவுக்கு வந்தது. வயிற்றில் சிறு துளைகளிட்டுக் குழாய்க் காமிராவின் துணையால் செய்வது அது. அபாயம் என்ன? இரத்தப்போக்கு, சீழ், அரிதாகப் பித்தநாளத்தில் காயம். துளை வழியே முடியாத நிலையில் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். இதனை முன்னரே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். மறுத்தால் என்ன? தொல்லை ஒன்றும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வலி தரும் கல்லையோ விட்டுவைத்தால் பை அழற்சியுறலாம். கல் நழுவி நாளத்தை அடைத்தால் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். இவ்வளவையும் சொல்லக் கால் மணி நேரம் போதும். இவ்வளவையும் அறிந்தபின் இடும் கையொப்பமே சம்மதம், பிறவெல்லாம் தலையாட்டல்.

இங்கே நம் குடும்பங்களின் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். "டாக்டர், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்கள்" என்று மைந்தர் கெஞ்சுவது வழக்கம். அன்பினால் எழும் வேண்டுகோள்தான் அது. ஆனால் மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி என்பதை மறைத்து, சிறு கட்டி என்று சொல்லி அழைத்துச் சென்று, கண்விழிக்கும்போது மார்பே இல்லை என்று அந்தத் தாய் உணர்ந்தால், அத்துயரத்தை ஆற்றுவார் யார்? கணவரை இழந்தும், மக்களை வேற்றூருக்கு அனுப்பியும், தனியே குடும்பத்தை நிறுத்தியும் தாங்கியவர் அவர். தம் உடலைப் பற்றிய உண்மையை மட்டும் தாங்க மாட்டார் என்று தீர்மானிக்க நாம் யார்? எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டுவதில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, மெல்லச் சொல்லலாம். நான் அறிய வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவே. அவரைக் கேளாமல் நாம் முடிவு செய்வதே தவறு.

ஐயம் தீராவிடில் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளிகளின் உரிமைப் பட்டயம் கூறும் 17 உரிமைகளுள் அதுவும் ஒன்று. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் உள்ளது. இவற்றைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. பணிவோடு கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்று தெளிவதற்கே சொல்கிறோம்.

அறுவை நாளன்று பெயர் என்ன, எந்த ஆப்பரேஷன், வலமா இடமா என்று ஒவ்வொருவராக வந்து கேட்பர். இவர்களுக்கு ஒன்றுமே நினைவில்லையா என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அது மறதியன்று, காவல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 வினாக்கள் அடங்கிய சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று கட்டங்களில் அதனை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இறுதிக் கட்டத்தில் கருவிகளையும் ஊசிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணிக் கணக்கு முடிப்பர். உலகின் 8 நகரங்களில் இதனைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்று நம் புதுதில்லி. 2009-இல் வெளிவந்த முடிவின்படி, அறுவைக்குப் பின் இறந்தோர் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பின்விளைவுகள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. எளிய கேள்விகள் எத்தனை உயிர்களைக் காத்தன, பாருங்கள்!

இக்கேள்விகளுள் பெயர் என்ன என்பது நமக்குத் தனிச் சிக்கல். நம் பெயருக்கு முன்னே நிற்பது தலைப்பெழுத்து. இங்கே கேட்பதோ குடும்பப் பெயர். ஒரு சீட்டில் தந்தையின் பெயரும், மற்றொன்றில் கணவரின் பெயரும், இன்னொன்றில் சொந்தப் பெயரும் ஏறிவிடுகின்றன. சுப்பிரமணியம் என்று கூப்பிட்டால், அப்பாவை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று மகன் திகைத்து நிற்கிறான். ஆதார் அட்டையில் உள்ளவாறே எல்லாச் சீட்டிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு பெயர் சொல்லி அழைத்தால், மரியாதைக்காக ஆம் என்று சொல்லிவிடக் கூடாது.

அறுவைக்குப் பின் பத்தியம் பற்றி நம் வீடுகளில் ஆளுக்கொரு விதி உண்டு. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, பால், தயிர், முட்டை என்று அவரவர் வழக்கத்துக்கேற்ற உணவை மருத்துவரைக் கேட்டு அளிக்க வேண்டும். மூன்று நாள் கஞ்சியே போதும் என்று நாமே முடிவு செய்வது சரியன்று. மருத்துவர் நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையவும் நெஞ்சில் சளி தேங்கவும் வழியாகும். காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ், பெருகும் வலி, மஞ்சள் நிறக் கண் ஆகியவை தோன்றினால் மறு வருகை நாள் வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதனையே.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்தியும் தமிழும் நன்கறிந்த ஆடவரும் பெண்டிரும் சிலர் முன்வந்து, அறுவைக்குச் செல்லும் முதியோருக்கு மொழித்துணையாக நின்றால் பெரும்பணியாகும். சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். பாட்டி தம் உடலின் நோயைப் பேரனிடம் சொல்லக் கூசுவார். பெண்களுக்குப் பெண்டிரே துணை செல்வது நன்று. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும், கேட்டதை வெளியில் பேசாதிருப்பதும் அவர்தம் விரதமாக வேண்டும். கேரள நாட்டுச் செவிலியர் பலர் இந்நகர் மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர். தமிழ் புரிந்துகொள்ளும் அவர்களிடம் உதவி கேட்கவும் தயங்க வேண்டாம். நோய்களும் மருந்துகளும் ஒவ்வாமையும் முன்பு செய்த அறுவைகளும் ஒரு பக்கம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மறுபக்கம் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு குடும்பமும் வைத்துக்கொண்டால், அவசர வேளையில் அதுவே பாதித் துணை.

நோயாளி மருத்துவத்தின் முதற்கூறு. அவர் அறியாமல் அவர்மேல் செய்யப்படுவது எவ்வளவு திறமையானதாயினும் முழுமை பெறாது. உடனிருப்போராகிய நாம் அவர் செவியாகவும் நாவாகவும் இருப்போம். அவருக்குப் பதிலாகத் தலையாட்டுவோராக மட்டும் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க நலம்! வளர்க சங்கம்!